பதிப்பெண் சோதனை தோற்கும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு பைதான் லைப்ரரியின் சோதனைத் தொகுப்பில் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவதும், பிறகு எவரும் திரும்பிப் பார்க்காததும் பதிப்பெண் சோதனைதான். லைப்ரரியை இறக்குமதி செய்து, அது தன் பதிப்பெண் என்று சொல்லும் சரத்தை எடுத்து, அந்தச் சரம் விதிப்படி அமைந்திருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு வரி நிரல் அது. வெளியீட்டு நாளன்று அந்த இரண்டு வரி தோற்றால், மாலையிலேயே வேலையை முடித்துவிட்டு ஓ.எம்.ஆர். நெரிசலுக்கு முன் கிளம்ப நினைத்த குழு இரவுவரை உட்கார நேர்கிறது. தோற்க வேண்டிய இடத்தில் அது தேறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். தவறான எண்ணைச் சுமந்துகொண்டு லைப்ரரி வெளியே போய்விடுகிறது.

இந்த வழிமுறையில் நிரல் பெயர்களையும், பதிப்பெண்ணுக்குள் வரும் ஆங்கில எழுத்துகளையும் தமிழில் ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். 'ஆர்சி', 'டெவ்' என்று இங்கே காணும் இடங்களில் கணினியில் உரிய ஆங்கில எழுத்துகளையே தட்ட வேண்டும்.

எந்த அறிகுறிக்குள் நுழையும் முன்பும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் பதிப்பெண்ணை நிராகரிப்பது யார், எந்த விதியின்படி? பைதான் உலகில் செல்லுபடியாகும் விதி பெப் 440 என்ற பைதான் மேம்பாட்டு முன்மொழிவு. 2013-இல் எழுதத் தொடங்கப்பட்ட அந்த ஆவணத்தைத்தான் பிப் நிறுவியும் பைபிஐ களஞ்சியமும் பின்பற்றுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் முதலிய உலகங்களில் புழங்கும் செம்வெர் 2.0.0 என்பது டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த வேறொரு விதி. இரண்டும் '1.4.2' போன்ற சாதாரண எண்களில் ஒத்துப்போவதால் ஒன்றுதான் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. முன்வெளியீடு (முழு வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகைப் பதிப்பு), பின்வெளியீடு (அதற்குப் பிந்தைய சிறு திருத்தப் பதிப்பு) என்று வால் முளைத்தவுடன் அவை பிரிந்துவிடுகின்றன. ஆகவே சோதனையில் சொந்தமாக எழுதிய ரெஜெக்ஸ் (சரத்தின் வடிவைப் பொருத்திப் பார்க்கும் குறிமொழி) இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, 'பேக்கேஜிங்' தொகுப்பில் உள்ள 'வெர்ஷன்' வகுப்பிடம் சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிப் தனக்குள்ளேயே அந்தத் தொகுப்பின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு அதைக் கொண்டுதான் பதிப்பெண்களை அளக்கிறது. நீங்களும் அதே அளவுகோலால் அளப்பதே நியாயம்.

அறிகுறி: 'இன்வேலிட் வெர்ஷன்' என்ற விதிவிலக்குடன் சோதனை நின்றுவிடுகிறது

பிழைச் செய்தியில் காட்டப்படும் சரத்தைக் கண்ணால் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். அந்தச் சரத்தைப் பைதானின் 'ஆஸ்கி' செயற்கூறில் இட்டு அச்சிடுங்கள். சரத்தை மேற்கோளுக்குள் காட்டும் 'ரெப்ர்' செயற்கூறு போதாதா என்று கேட்கலாம். கண்ணுக்குப் புலப்படாத குறியீடுகளை 'ரெப்ர்' வெளிக்காட்டும் என்பது உண்மையே, ஆனால் அச்சாகக்கூடிய குறியீடுகளை அது உள்ளபடியே விட்டுவிடும். சாதாரணக் கிடைக்கோட்டுக்குப் பதிலாக, வேர்டு போன்ற ஒரு செயலி தானாக மாற்றி வைத்த நீள்கோடு உள்ளே இருந்தால், 'ரெப்ர்' அதை நீள்கோடாகவே காட்டும், நீங்களும் அதைக் கிடைக்கோடு என்றே படிப்பீர்கள். 'ஆஸ்கி' அதை யூனிகோடு எண்ணாக உடைத்துக் காட்டிவிடும்.

அப்படி உடைத்துப் பார்க்கும்போது அகப்படும் காரணங்கள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. சரத்தின் தொடக்கத்தில் யு+ஃபெஃப் என்ற பைட்-வரிசைக் குறி ஒட்டிக்கொண்டிருந்தால், பதிப்பெண்ணைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் யாரோ திறந்து சேமித்திருக்கிறார்கள் என்று பொருள். கோப்பைப் படிக்கும்போது குறியாக்கத்தை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் குறி நீங்கிவிடும், ஆயினும் கோப்பையே குறியில்லாமல் மீண்டும் சேமிப்பதுதான் நிலையான தீர்வு. வாட்ஸ்அப்பிலோ இணையப் பக்கத்திலோ இருந்து எண்ணை நகலெடுத்து ஒட்டும்போது அகலமற்ற இடைவெளி, அகலமற்ற இணைப்பான் போன்றவை சேர்ந்து வருவதுண்டு. தமிழில் தட்டச்சு செய்யும் நம்மில் பலர் ஒரே சாளரத்தில் விசைப்பலகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், இந்த வகையை மற்றவர்களைவிட நாம் சற்று முன்கூட்டியே சந்தேகிக்கலாம். வரி முடிவுக் குறியும் சாதாரண இடைவெளியும் சரத்தின் இரு முனைகளில் இருந்தால் 'வெர்ஷன்' வகுப்பு அவற்றைப் பொருட்படுத்தாது. எனவே அவை இந்த விதிவிலக்குக்குக் காரணமாக இருக்க முடியாது.

புலப்படாத குறியீடு எதுவும் இல்லையென்றால் சரத்தின் வடிவமே தவறு. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் 'டிஸ்கிரைப்' கட்டளை தரும் சரத்தை அப்படியே பதிப்பெண்ணாக வைப்பது இதில் முதலிடம் பெறுகிறது: '1.2.3-5-ஜிஏபி12' என்பது, 1.2.3 என்ற டேகுக்கு (வரலாற்றின் ஒரு புள்ளிக்கு இட்ட பெயருக்கு) பிறகு ஐந்து கமிட்கள் (பதிவு செய்த மாற்றங்கள்) கடந்திருக்கின்றன என்று மனிதருக்குச் சொல்லும் விவரமே ஒழிய, பெப் 440-இன்படி செல்லும் பதிப்பெண் அன்று. அதைச் செல்லத்தக்கதாக்க வேண்டுமானால் '1.2.4.டெவ்5+ஜிஏபி12' என்ற வடிவுக்கு மாற்ற வேண்டும். கமிட் அடையாளம் கூட்டல் குறிக்குப் பின்னே போக வேண்டும். ஜாவா பழக்கத்தில் '1.2.3-ஸ்னாப்ஷாட்' என்று எழுதுவதும், கிளையின் பெயரை ஒட்டி '1.2.3-ஹாட்ஃபிக்ஸ்' என்று எழுதுவதும் இதே கதைதான். மாறாக, முன்னால் 'வி' சேர்த்த 'வி1.2.3' பைதானில் தப்பித்துவிடும், ஏனெனில் விதி அதை இயல்பாக்கும்போது உதிர்த்துவிடுகிறது. செம்வெர்-இல் அதே சரம் செல்லாது.

அறிகுறி: யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனால் நேற்றுவரை தேறிய சோதனை இன்று தோற்கிறது

உங்கள் நிரலை விட்டுவிட்டு, சூழலில் நிறுவப்பட்டிருக்கும் கருவிகளின் பதிப்புகளைப் பாருங்கள். நீண்ட காலம் 'பேக்கேஜிங்' தொகுப்பின் 'பார்ஸ்' செயற்கூறு, விதிக்கு ஒவ்வாத சரத்தைக் கண்டால் விதிவிலக்கு எழுப்பாமல், 'லெகசி வெர்ஷன்' என்ற பழைய வகைப் பொருளாக மாற்றிக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தது. 2022 டிசம்பரில் வந்த 22.0 பதிப்பில் அந்த வகை நீக்கப்பட்டது. அடுத்த மாதம், தொகுப்புகளைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் 66-உம், 2024 ஜூனில் பிப் 24.1-உம் அதே வழியில் கதவை மூடின. ஆகவே பழைய மெய்நிகர்ச் சூழலில் (தனியாக ஒதுக்கிய பைதான் நிறுவலில்) தேறி, புதிதாக உருவாக்கிய சூழலில் தோற்கும் சோதனை பெரும்பாலும் எப்போதுமே தோற்றிருக்க வேண்டிய சோதனைதான். கருவியைப் பழைய பதிப்பில் பூட்டி வைப்பது ஒரு வாரத்துக்கு உதவும், அதற்கு மேல் உதவாது. லைப்ரரியை நிறுவுபவரின் கணினியில் எந்தப் பிப் இருக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

இதே அறிகுறிக்கு இன்னொரு முகமும் உண்டு. சோதனை 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுப்பின் 'லூஸ் வெர்ஷன்' அல்லது 'ஸ்ட்ரிக்ட் வெர்ஷன்' வகுப்பைப் பயன்படுத்தியிருந்தால், பதிப்பெண்ணைத் தொடும் முன்பே, தொகுப்பு கிடைக்கவில்லை என்று இறக்குமதியிலேயே நின்றுவிடும். 2023 அக்டோபரில் வெளியான பைதான் 3.12-இல் அத்தொகுப்பு மூல நிறுவலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இங்கே திருத்த வேண்டியது சோதனையை மட்டுமே.

அறிகுறி: என் கணினியில் '1.2.3' வருகிறது, சி.ஐ. சேவையகத்தில் '0.1.டெவ்1' என்று ஏதோ வருகிறது

சி.ஐ. என்பது ஒவ்வொரு மாற்றத்துக்கும் லைப்ரரியைத் தானே கட்டிச் சோதிக்கும் ஏற்பாடு. பதிப்பெண்ணைக் கையால் எழுதாமல், கிட் டேகிலிருந்து கணக்கிட்டுத் தரும் 'செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம்' போன்ற கருவியைப் பயன்படுத்தும் குழுக்களுக்கே இந்த அறிகுறி வரும். இது பொல்லாதது, ஏனெனில் '0.1.டெவ்1+ஜி…' என்ற சரம் முற்றிலும் விதிக்கு உட்பட்டது. செல்லுமா என்று மட்டும் கேட்கும் சோதனை பச்சை காட்டிவிட்டுப் போய்விடும். தற்செயலாக யாராவது கட்டமைப்புப் பதிவை (பில்ட் லாக்) படித்தால்தான் வெளியே தெரியும்.

காரணம் எளியது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற சி.ஐ. சேவை தரும் 'செக்அவுட்' செயல், வேறு எதுவும் சொல்லப்படாதவரை, கடைசிக் கமிட் ஒன்றை மட்டுமே இறக்கும். அதற்கு முந்தைய வரலாறும் டேக்களும் அங்கே இருப்பதில்லை. டேக் ஒன்றுகூடக் கண்ணில் படாத கருவி, 0.0-க்கு அடுத்தது 0.1 என்று தானே அனுமானித்து ஒரு வளர்ச்சிப் பதிப்பெண்ணை உருவாக்குகிறது. 'ஃபெட்ச்-டெப்த்' அமைப்புக்குச் சுழியம் என்ற மதிப்பைக் கொடுத்தால் முழு வரலாறும் இறங்கும், சிக்கல் தீரும். களஞ்சியம் மிகப் பெரியது என்றால் முழு வரலாற்றை இறக்குவது நேரத்தைத் தின்னும் என்ற முணுமுணுப்பு எழும். சோதனைப் பணிகளுக்கு மேலோட்டமான நகலையே வைத்துக்கொண்டு, வெளியீட்டுக்கான கோப்பைக் கட்டும் பணிக்கு மட்டும் முழு வரலாற்றை இறக்குவது போதுமானது.

முழு வரலாறும் இருந்தும் சிக்கல் நீடித்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். டாக்கர் கொள்கலனுக்குள் கட்டுகிறீர்கள் என்றால், கோப்புகளைப் படி எடுக்கும்போது கிட் அடைவு விலக்கப்பட்டிருக்கலாம். அப்போது வளர்ச்சிப் பதிப்பெண்கூட வராது, பதிப்பைக் கண்டறிய இயலவில்லை என்று கருவி நேராகவே நின்றுவிடும். களஞ்சியத்தை ஜிப் கோப்பாக இறக்கியவருக்கும் இதே செய்தி கிடைக்கும். கிட் அடைவு இருந்தும் கருவி அதைக் காண மறுத்தால் உரிமைச் சிக்கலாக இருக்கலாம்: 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், வேறொரு பயனருக்குச் சொந்தமான அடைவில் இயங்க கிட் மறுக்கிறது. கொள்கலனுக்குள் ரூட் பயனராக இயங்கி, வெளியே உள்ள சாதாரணப் பயனரின் அடைவைப் பொருத்தியிருந்தால் இதுதான் நடக்கும். அடைவைப் பாதுகாப்பானது என்று கிட் அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டும். 'ப்ரிடெண்ட் வெர்ஷன்' என்று முடியும் சூழல் மாறியின் வழியாக எண்ணைக் கையால் திணிக்கவும் வசதி உண்டு; கிட் அறவே இல்லாத இடத்துக்கு அது சரி, மற்ற இடங்களில் அது நோயை மறைக்கும்.

இந்த அறிகுறிக்குச் சோதனையிலேயே ஒரு காவல் வைக்க முடியும். சரம் செல்லுமா என்பதோடு நிற்காமல், டேகின்மேல் ஓடும் கட்டமைப்பில் மட்டும், கணக்கிடப்பட்ட பதிப்பெண் அந்த டேகின் பெயருக்குச் சமமா என்றும் கேளுங்கள். டேகின் பெயரைச் சி.ஐ. சேவையகமே சூழல் மாறியில் தருகிறது. அதையும் லைப்ரரியின் எண்ணையும் 'வெர்ஷன்' பொருள்களாக மாற்றி ஒப்பிட்டால், முன்னால் உள்ள 'வி' தானே உதிர்ந்துவிடும்.

அறிகுறி: சோதனை தேறுகிறது, பைபிஐ ஏற்க மறுக்கிறது

கூட்டல் குறியைத் தேடுங்கள். கூட்டல் குறிக்குப் பின் வருவதைப் பெப் 440 உள்ளூர்ப் பகுதி என்கிறது. அது செல்லுபடியானது, ஆனால் உங்கள் நிறுவனத்துக்குள் புழங்குவதற்கு மட்டுமே உரியது. பொதுக் களஞ்சியமான பைபிஐ அதை ஏற்பதில்லை. வெளியீட்டுக் கட்டமைப்பில் ஓடும் சோதனை, 'வெர்ஷன்' பொருளின் 'லோக்கல்' பண்பு வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் கருவியில் உள்ளூர்ப் பகுதி சேராதபடி நிறுத்தும் அமைப்பும் உண்டு.

கூட்டல் குறி இல்லாமலும் மறுத்தால், அதே பெயருள்ள கோப்பு முன்பே ஏற்றப்பட்டிருக்கலாம். ஏற்றிய கோப்பை நீக்கிவிட்டாலும் அதே பெயரில் மீண்டும் ஏற்றப் பைபிஐ விடாது. எண்ணை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. பைபிஐ-இல் ஏற்றும் கருவியான ட்வைனின் 'ட்வைன் செக்' தேறியதே என்று சிலர் வியப்பார்கள். அந்தக் கட்டளை முதன்மையாக நீண்ட விளக்கவுரை சரியாகக் காட்சிப்படுமா என்று பார்ப்பது. பதிப்பெண்ணுக்கு அதைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். ஒத்திகைக்கு டெஸ்ட் பைபிஐ இருக்கிறது.

அறிகுறி: வேண்டுமென்றே தவறான சரம் கொடுத்தும் சோதனை தேறிவிடுகிறது

எந்தச் சரிபார்ப்பையும் நம்புவதற்கு முன் அதைத் தோற்கடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது சொந்த ரெஜெக்ஸில் எழுதிய சோதனைகள் சில வியப்பான சரங்களுக்குத் தலையாட்டுவதைக் காணலாம்.

முதலாவது, முடிவுக் குறி. பைதானில் டாலர் குறி என்பது சரத்தின் முடிவை மட்டும் குறிப்பதில்லை; சரத்தின் கடைசியில் ஒரு வரி முடிவுக் குறி இருந்தால் அதற்கு முந்தைய இடத்தையும் குறிக்கும். ஆகவே கோப்பிலிருந்து படித்து வெட்டப்படாமல் வந்த '1.2.3' என்ற எண், பின்னால் ஒட்டிய வரி முடிவுடனேயே தேறிவிடும். பிறகு அந்தச் சரம் கோப்புப் பெயரிலோ பதிவிறக்க முகவரியிலோ சேரும்போதுதான் உடையும். 'மேட்ச்' செயற்கூறுக்குப் பதில் 'ஃபுல்மேட்ச்' பயன்படுத்தினால் இந்த ஓட்டை அடைபடும்.

இரண்டாவது நமக்கே உரியது. பின்சாய்கோட்டுடன் 'டி' என்ற எழுத்தைச் சேர்த்து எழுதும் குறி 0 முதல் 9 வரையிலான இலக்கங்களை மட்டும் குறிப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். பைதான் 3-இல் உரைச் சரங்களின் மீது அது யூனிகோடு தசம இலக்கம் எதையும் ஏற்கும். எனவே '௧.௨.௩' என்று தமிழ் இலக்கங்களில் எழுதிய பதிப்பெண் அந்த ரெஜெக்ஸில் முழுமையாகத் தேறும். 'இன்ட்' செயற்கூறில் '௧' என்று கொடுத்தால் 1 என்ற முழு எண்ணே கிடைக்கும் என்பதால், பின்னர் வரும் எண் மாற்றமும் தடுக்காது. அதே வேளை பத்தைக் குறிக்கும் '௰' தசம இலக்கமாக வகைப்படுத்தப்படாததால் தோற்கும். 'பேக்கேஜிங்' தொகுப்பின் விதி, இலக்கங்களை 0-9 என்று வெளிப்படையாக வரையறுப்பதால் '௧.௨.௩'-ஐயும் நிராகரித்துவிடுகிறது. நடைமுறையில் யாரும் தமிழ் இலக்கத்தில் பதிப்பெண் எழுதப் போவதில்லைதான். ஆனால் தவறான சரங்களின் பட்டியலைச் சோதனைக்குத் தயாரிக்கும்போது இதைவிட மலிவான, இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது அரிது; ஒரே வரியில் ரெஜெக்ஸின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ரெஜெக்ஸை விட முடியாத கட்டாயம் இருந்தால், சதுர அடைப்புக்குள் 0-9 என்று எழுதுங்கள், அல்லது 'ஆஸ்கி' கொடியை இடுங்கள்.

பட்டியலில் வெறும் சரம், ஒற்றைப் புள்ளி, '1..2', '1.2.', 'அன்நோன்' என்ற சொல் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். கடைசியானது விளையாட்டுக்கு அன்று. மெட்டாடேட்டா (நிறுவும்போது தொகுப்பைப் பற்றி எழுதிவைக்கப்படும் விவரம்) கிடைக்காத நேரத்தில் பதிப்பெண்ணாக 'அன்நோன்' என்று வைத்துக்கொள்ளும் நிரல்கள் ஏராளம். அதற்குப் பதில் '0.0.0' என்று வைத்துக்கொள்ளும் நிரல்கள் அதைவிட ஆபத்தானவை, ஏனெனில் அது செல்லுபடியான எண்.

அறிகுறி: லைப்ரரி ஒன்று சொல்கிறது, பிப் வேறொன்று சொல்கிறது

இறக்குமதி செய்த லைப்ரரியில் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே இருக்கும் 'வெர்ஷன்' மாறி '1.5.0' என்கிறது, 'பிப் ஷோ' கட்டளையும், பைதான் 3.8 முதல் உடன்வரும் 'இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா'வும் '1.4.2' என்கின்றன. முன்னது மூலக் கோப்பில் இப்போது இருப்பது. பின்னது நிறுவிய நேரத்தில் எழுதப்பட்டது. திருத்தக்கூடிய வகையில் லைப்ரரியை நிறுவிக்கொண்டு வேலை செய்பவர்கள், மூலக் கோப்பில் எண்ணை உயர்த்திவிட்டு மீண்டும் நிறுவாமல் விட்டால் இந்த வேறுபாடு கட்டாயம் வரும். மீண்டும் ஒருமுறை நிறுவினால் தீரும். தீரவில்லையெனில், சோதனையை ஓட்டும் அடைவில் பழைய மெட்டாடேட்டாவைச் சுமக்கும் 'எக்-இன்ஃபோ' அடைவு கிடக்கிறதா என்று பாருங்கள். தேடல் பாதையில் நடப்பு அடைவு முதலில் இருந்தால், நிறுவப்பட்டதைவிட அதுவே முந்திக்கொள்ளும்.

எண்ணே கிடைக்காமல், தொகுப்பு இல்லை என்ற விதிவிலக்கு வந்தால் பெயரைச் சரிபாருங்கள். மெட்டாடேட்டா கேட்பது இறக்குமதிப் பெயரை அன்று, வெளியீட்டுப் பெயரை. பில்லோ தொகுப்பைப் 'பில்' என்றும், பையாமல் தொகுப்பை 'யாமல்' என்றும் இறக்குமதி செய்கிறோம். தமிழ் உரையைக் கையாள்வோர் அறிந்த ஓப்பன்-தமிழ் தொகுப்பை நிறுவும்போது அந்த முழுப் பெயரையும், இறக்குமதியின்போது வெறும் 'தமிழ்' என்றும் தட்டுகிறோம். மெட்டாடேட்டாவிடம் 'தமிழ்' என்று கேட்டால் அத்தொகுப்பு அகப்படாது.

விதிவிலக்கும் இல்லாமல் 'நன்' என்ற வெறுமை திரும்பி, அதை 'வெர்ஷன்' வகுப்பிடம் கொடுத்தவுடன் வகைப் பிழை எழுந்தால், நிறுவல் பாதியில் அறுந்து, உள்ளே மெட்டாடேட்டா கோப்பு இல்லாத ஒரு 'டிஸ்ட்-இன்ஃபோ' அடைவு எஞ்சியிருக்கிறது. அதைக் கையால் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டும்.

இவ்விரு எண்களையும் ஒப்பிடும் சோதனை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எண்ணை ஒரே இடத்தில் வைத்து மற்ற இடங்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் சோதனை மிகை என்பார்கள். என் பார்வையில் அப்படி அமைத்த பிறகும் அது வேண்டும். ஆனால் அது மூல அடைவில் ஓடுவதால் பயன் குறைவு. கட்டி முடித்த வீல் கோப்பை (நிறுவத் தயாராக உள்ள தொகுப்பை), வேறெதுவும் இல்லாத புதிய மெய்நிகர்ச் சூழலில் நிறுவி, மூல அடைவுக்கு வெளியே நின்று ஓட்ட வேண்டும். பயனரின் கைக்குப் போவது அந்தக் கோப்புத்தான்.

அறிகுறி: எழுதியது ஒன்று, வெளியானது சற்றே மாறிய ஒன்று

'2024.04.01' என்று எழுதினீர்கள், '2024.4.1' என்று வெளியாகியிருக்கிறது. '1.0.0-ஆல்பா.1' என்று எழுதியது '1.0.0ஏ1' ஆகியிருக்கிறது. இது பிழையன்று, பெப் 440 எல்லாச் சரங்களையும் ஓர் இயல்பு வடிவுக்குக் கொண்டுவருகிறது, முன்னிற்கும் சுழியங்கள் அப்போது உதிர்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைதான் இங்கே தோற்கிறது. சரத்தை 'வெர்ஷன்' பொருளாக்கி மீண்டும் சரமாக்கினால் முதலில் இருந்ததே கிடைக்கிறதா என்று கேட்கும் சோதனை ஒன்றை எழுதிவிட்டால், தொடக்கத்திலேயே இயல்பு வடிவில் எழுதும் பழக்கம் வந்துவிடும்.

'1.10' என்பது '1.1' ஆகியிருந்தால் அது வேறு விஷயம், உண்மையான பிழை. அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் மேற்கோள் குறியின்றி 1.10 என்று எழுதினால் அது தசம எண்ணாகப் படிக்கப்பட்டு, கடைசிச் சுழியம் காணாமற்போகிறது. சி.ஐ. அமைப்பில் பைதான் பதிப்பை 3.10 என்று எழுதிவிட்டு 3.1 கிடைக்கவில்லை என்ற செய்தியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. மேற்கோள் குறி இடுங்கள். 1.1 முதல் 1.9 வரை உதிரக் கடைசிச் சுழியம் இல்லை என்பதால்தான் இது ஒன்பது வெளியீடுகள் வரை ஒளிந்திருக்கிறது; இரண்டு புள்ளிகள் உள்ள எண்ணில் இந்தச் சிக்கல் தலைகாட்டாது.

எல்லாவற்றையும்விட நுட்பமானது '1.0.0-1'. செம்வெர்-இல் இது 1.0.0-க்கு முந்தைய முன்வெளியீடு. பெப் 440-இல் இதே சரம் '1.0.0.போஸ்ட்1' என்று படிக்கப்பட்டு, 1.0.0-க்குப் பிந்தைய வெளியீடாகிறது. இரண்டிலும் செல்லும், இரண்டிலும் எதிரெதிர்ப் பொருள். ஒத்திகைப் பதிப்பு என்று நினைத்து இதை வெளியிட்டால், பிப் அதை எல்லாருக்கும் புதிய நிலையான பதிப்பாக நிறுவிவிடும். உண்மையான முன்வெளியீடாக இருந்தால் பயனர் வேண்டிக் கேட்டால் ஒழிய அது பொதுவாக இறங்கியிருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் பகுதியையும் பைதான் பகுதியையும் ஒரே எண்ணில் வெளியிடும் குழுக்கள், 'இஸ் ப்ரீரிலீஸ்' என்ற பண்பு எதிர்பார்த்த விடையைத் தருகிறதா என்று சோதனையில் கேட்டே ஆக வேண்டும்.

அறிகுறி: தேதி வழிப் பதிப்பெண் விடியற்காலையில் மட்டும் தோற்கிறது

ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் கொண்டு பதிப்பெண் உருவாக்கி, அது இன்றைய தேதிக்குச் சமமா என்று சோதிக்கும் லைப்ரரிகளில் இது வரும். சென்னை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. கிட்ஹப்பின் சேவையகங்கள் பொது நேரத்தில் ஓடுகின்றன. ஆகவே சென்னையில் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே கட்டப்படும் எதற்கும் முந்தைய நாளின் எண்ணே விழும். வெளிநாட்டு வாடிக்கையாளரின் அலுவல் நேரத்துக்காக இரவுப் பணி பார்க்கும் குழு இந்த இடைவெளியில்தான் வெளியிடுகிறது. எண்ணைச் சேவையகம் கணக்கிட்டு, எதிர்பார்க்கும் தேதியைத் தரமணியில் இருக்கும் மடிக்கணினி கணக்கிட்டால், அந்த நேரம் முழுவதும் சோதனை சிவப்பாகவே இருக்கும். ஐந்தரை மணிக்குப் பிறகு தானே பச்சையாகிவிடும் என்பதால் காலையில் வருபவர் நம்பவும் மாட்டார். ஜனவரி முதல் தேதி அதிகாலையில் ஆண்டெண்ணே பின்தங்கிப் போகும்.

இன்றைய தேதியோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். பதிப்பெண்ணுக்கான தேதியைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், வெளியிடப்படும் கமிட்டின் நேரத்திலிருந்து, பொது நேரத்துக்கு மாற்றி எடுங்கள். மீளுருவாக்கத்தக்க கட்டமைப்புகளுக்கென்று வழங்கும் 'சோர்ஸ் டேட் எபாக்' சூழல் மாறியில் அந்த நேரத்தை வைத்துவிட்டால், கட்டும் நிரலும் சோதனையும் ஒரே மதிப்பைப் படிக்கும். அதே கமிட்டை எந்த நேரத்தில், எந்த ஊரில் மீண்டும் கட்டினாலும் அதே எண் வரும். அதன் பின் சோதனை கேட்க வேண்டியது இரண்டே: அந்த மதிப்பிலிருந்து பெற்ற எண்ணும் வீல் கோப்பின் எண்ணும் சமமா, முந்தைய டேகைவிட அது பெரியதா.